பாப்பர் மனுவும் இரவல் தண்டட்டியும்

என் அக்காவின் இடது கை மணிக்கட்டுக்கு மேலே ஒடிந்த அன்று நான் மீமிசலில் கருவாட்டு மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தேன். சேதி என்னிடம் வந்து சேர ஒன்பது நாள் ஆனது. ஓர் இடத்தில் தங்குகிறவன் இல்லை நான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு ஓடியவன். பஸ்ஸில் கிளீனர், குன்றாண்டார்கோவில் பக்கம் கல் உடைப்பு, உப்பு வண்டி, கருவாட்டு வண்டி என்று நாலு மாதத்துக்கு ஒரு வேலை மாறிக்கொண்டிருந்தேன். அறந்தாங்கிச் சந்தையில் யாரோ யாரிடமோ சொல்லி, வண்டிக்காரர்கள் வாய்வழியாகச் சேதி கடற்கரைக்கு வந்தது.

அடித்தவன் அவள் கொழுந்தன், அதாவது புருஷனின் தம்பி. அத்தான் இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. கிணற்றை ஆழப்படுத்த வெடி வைத்துவிட்டு, வெடிக்காத குழியைப் பார்க்க இறங்கியபோது அது வெடித்தது. கூடையில்தான் மேலே கொண்டுவந்தார்கள். அந்தக் கிணறும் அதைச் சுற்றியிருந்த இரண்டு ஏக்கரும் அண்ணன் தம்பி இருவருக்கும் பொது. கிணறு இல்லாவிட்டால் அது நிலம் இல்லை, பாறை. அக்காவுக்குப் பிள்ளை கிடையாது. எட்டு மாதம் பொறுத்தவன், அவள் வாடகை மாடு கட்டிக் கமலை இறைக்கப் போன அன்று மாடு ஓட்டும் தார்க்கம்பால் அடித்தான். கையை வைத்துத் தடுத்தாள். கை ஒடிந்தது. பிறகு முடியைப் பிடித்து ஊர் எல்லை வரைக்கும் இழுத்துக்கொண்டு வந்து விட்டான். பாத்திரங்கள் பின்னாலேயே பறந்து வந்தன. கமலைக்கல்லில் வழுக்கி விழுந்தாள் என்று அந்த ஊர் மணியக்காரர் எழுதிக் கொடுத்துவிட்டார். போலீஸும் அதை நம்பிக்கொண்டது.

நான் போனபோது எங்கள் பிறந்த ஊரில், கண்மாய்க் கரைப் புறம்போக்கில் நாலு கம்பு நட்டு ஓலை போட்டு உட்கார்ந்திருந்தாள். கையில் மூங்கில் பத்தை வைத்துக் கட்டு.

"வந்துட்டியா? வெட்டப்போறேன் குத்தப்போறேன்னு கெளம்பாத. எனக்கு அந்தக் கெணறு வேணும். அவன் தலை வேணாம்."

"கெணறு எப்பிடி வரும்?"

"கோர்ட்டுக்குப் போவோம்."

அவள் கோர்ட்டைப் பார்த்ததில்லை. நானும் வெளியிலிருந்துதான் பார்த்திருக்கிறேன். சமஸ்தானம் போய்ப் பத்து வருஷம் ஆகியும் கிழவர்கள் அதைத் தர்பார் கோர்ட்டு என்றுதான் சொன்னார்கள். புதுக்கோட்டையில் ஒரு வக்கீல் வீட்டுக்கு நான் விறகு பிளந்து போட்ட பழக்கம் இருந்தது. வக்கீலைப் பார்ப்பது கஷ்டம். குமாஸ்தாவைப் பார்ப்பது சுலபம். வெற்றிலைக்காகப் புழக்கடைக்கு வருவார்.

"நெலத்தோட மதிப்புக்குத் தக்கன ஸ்டாம்பு ஒட்டணும் தம்பி," என்றார். "ஒங்க குடிசையை ஏலம் விட்டாலும் அதுக்குப் பத்தாது."

"அப்ப இல்லாதவன் கேஸே போட முடியாதுங்களா?"

"போடலாம். இல்லாதவன்னு மொதல்ல ஜெயிக்கணும். அதுக்குப் பேரு பாப்பர் மனு. கட்டியிருக்கிற துணியும் கேஸுல இருக்கிற சொத்தும் போக, நூறு ரூபாய்க்கு மேல ஒண்ணும் இருக்கப்படாது. அது தீர்ந்த பிறகுதான் நெலத்தைப் பத்தியே பேச்சு."

"அடிச்சானே, கையை ஒடிச்சானே, அதுக்கும் ஸ்டாம்பா?"

"அதுக்கு எதுக்கு ஸ்டாம்பு? அடிதடின்னா சர்க்கார் கேஸு. சர்க்காரே நடத்தும், ஒனக்குக் காலணா செலவில்ல. ஆனா சாட்சி வேணும், ஒரு பக்கம் மட்டும் காயம் இருக்கணும். நீயும் நாலு போட்டுட்டு வந்தியானா ரெண்டு பேருக்கும் அபராதம் போட்டு, வீட்டுக்குப் போய்யான்னுருவான்."

அக்கா இதையெல்லாம் புழக்கடை வாசற்படிக்குக் கீழே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

மனுவில் அவளுக்கு உள்ளதை எல்லாம் எழுத வேண்டும். குமாஸ்தா கேட்கக் கேட்க நான் சொன்னேன். நெளிந்த பித்தளைக் குடம் ஒன்று, ஈயச்சட்டி ஒன்று, அம்மி, வெள்ளாடு ஒன்று, இரண்டு சேலை. எழுதி முடித்ததும் அக்கா வாசித்துக் காட்டச் சொன்னாள். எனக்கு எழுத்துக் கூட்டத் தெரியும். வாசித்தேன்.

"பிச்சைக்காரின்னு போட்டிருக்கா?"

"ஏழைன்னு போட்டிருக்கு."

"இதைக் கோர்ட்டுல சத்தமா வாசிப்பாகளா?"

"வாசிப்பாக."

"அவனுக்கும் ஒண்ணு போகுமா?"

"எதிர்க்கட்சிக்கு நோட்டீஸு போகாம எப்பிடிம்மா?" என்றார் குமாஸ்தா. "நீ ஏழை இல்லைன்னு சொல்ல அவருக்குப் பாத்தியதை இருக்குல்ல?"

அவள் கட்டை விரலை நீட்டினாள். மையைத் தடவி அழுத்தியபோது அவள் முகம், ஒடிந்த கையோடு அவளைக் குடிசையில் பார்த்த அன்று இருந்ததைவிடக் கேவலமாக இருந்தது. மனுவை வக்கீல் கொடுத்தால் எடுக்க மாட்டார்கள், ஆளே நேரில் நின்று நீட்ட வேண்டும். அதையும் செய்தாள்.

இரண்டு மாதம் கழித்து, அவளுக்கு என்ன இருக்கிறது என்று பார்க்க ரெவின்யூ இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று தலையாரி வந்து சொன்னான். அவர் வருகிற அன்று விடிந்து நான் கண்மாய்க்குப் போய்விட்டுத் திரும்பினால், குடிசைக்குப் பின்னால் பதினோரு ஆடு கட்டிக் கிடந்தது. கொழுந்தனின் ஆடுகள். பக்கத்தில் அவன் ஆட்கள் இருவர், வேப்பங்குச்சியால் பல் துலக்கிக்கொண்டு நின்றார்கள்.

"என்ன மாப்ள, அக்கா மந்தை பெருகியிருக்கு?" என்றான் ஒருவன்.

நான் முளைக்குச்சியைப் பிடுங்கி இரண்டு ஆட்டை அவிழ்த்துவிட்டேன். மூன்றாவதற்குக் குனிந்தபோது பின்மண்டையில் விழுந்தது. கல்லா கம்பா தெரியாது. மண்ணில் முகம் பதிய விழுந்து எழுந்தேன், மறுபடியும் அடித்தார்கள். ஒருவனின் தொடையைக் கடித்தது நினைவிருக்கிறது, வாயில் அவன் வேட்டி நூல் இருந்தது. கடைசியில் என்னைக் குப்புறப் போட்டு முதுகில் ஒருவன் உட்கார்ந்துகொண்டான். அதே நிலையில்தான் இன்ஸ்பெக்டர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"இது என்ன?"

"குடும்பத் தகராறுங்க," என்றான் என் மேல் உட்கார்ந்திருந்தவன்.

"ஆடு யாருது?"

"அந்தம்மாளுதுங்க."

இன்ஸ்பெக்டர் வெயிலில் எட்டு மைல் மிதித்து வந்த மனிதர். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அக்காவைப் பார்த்து, "கூப்பிடும்மா ஒன் ஆட்டை, வருதான்னு பாப்போம்," என்றார்.

அவள், "பா… பா…" என்றாள். சொந்த ஆடு ஒன்று மட்டும் குடிசைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தது. மற்றவை அசை போட்டன. என் மேல் உட்கார்ந்திருந்தவன் எழுந்து, பழக்க தோஷத்தில் நாக்கைச் சுழற்றி "டுர்ர்ர்" என்றான். பதினொன்றும் ஒரே சமயத்தில் தலையைத் தூக்கின. தலையாரி சிரித்துவிட்டான். இன்ஸ்பெக்டர் ஆடு ஒன்று என்று எழுதிக்கொண்டு, எனக்கு மண்டையில் ரத்தம் வருகிறது என்பதைப் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனார். ஆஸ்பத்திரியில் நாலு தையல் போட்டார்கள். போலீஸுக்குப் போகலாம் என்றேன். "நீ அவனைக் கடிச்சியே," என்றாள் அக்கா.

விசாரணைக்கு நாள் குறித்தார்கள். அறிக்கை எங்களுக்குச் சாதகம், மனு நிற்கும் என்றார் குமாஸ்தா. நான் முந்தின நாளே புதுக்கோட்டைக்கு வந்து அவரைப் பார்த்துவிட்டுப் பஸ் ஸ்டாண்டிலேயே படுத்துக்கொண்டேன். காலைப் பஸ்ஸில் அக்கா இறங்கினாள். காதில் தண்டட்டி.

எங்கள் பக்கத்துப் பெண்களுக்குச் சின்ன வயதிலேயே காதைக் குத்திக் காரீயக் குணுக்குப் போட்டு, தோள் வரை தொங்கவிடுவார்கள். அதில் கனத்த தங்கத் தண்டட்டி போடுவார்கள். புருஷன் செத்தால் தாலி போகும், பூ போகும், தண்டட்டி போகாது. நாலு பேர் கூடுகிற இடத்துக்கு அந்தத் தொங்கு காதை வெறுமனே ஆட்டிக்கொண்டு போவது, குடும்பம் முழுகிப்போனதைத் தமுக்கடித்துச் சொல்வது மாதிரி. ஊரில் கல்யாணம், காதுகுத்து, பஞ்சாயத்து எதற்குப் போனாலும் இல்லாதவர்கள் இருப்பவர்களிடம் வாங்கிப் போட்டுக்கொண்டு போய், வந்ததும் கழற்றிக் கொடுப்பார்கள். கொடுப்பவர்களும் மறுப்பதில்லை. அக்காவின் சொந்தத் தண்டட்டி அத்தான் கருமாதிக்கே போய்விட்டது. இது எங்கள் சின்னாத்தா முறைக்காரி ஒருத்தியுடையது.

"கழட்டு," என்றேன்.

"ஏன்?"

"நாம இல்லாதவுகன்னு சொல்லத்தான் வந்திருக்கோம்."

"இல்லாதவதான். அதுக்காக அம்மணமா வர முடியுமா? சின்னாத்தாளே போட்டுவிட்டா. பெரிய சபைக்குப் போற, வெறுங்காதோட போகாதேன்னா."

நேரம் ஆகிவிட்டது, கோர்ட்டுக்கு நடந்தோம். உள்ளே போகும்போதாவது குமாஸ்தா பார்த்திருந்தால் பிடுங்கி மடியில் கட்டச் சொல்லியிருப்பார். அவர் வேறொரு கேஸ் கட்டோடு மாடிக்கு ஓடிக்கொண்டிருந்தார்.

கொழுந்தன் ஊரிலிருந்து ஏழெட்டு ஆட்களைக் கூட்டி வந்து பெஞ்சில் வரிசையாக உட்கார வைத்திருந்தான். நான் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றேன். ஸ்டாம்புக் காசு சர்க்காருக்குச் சேர வேண்டியது என்பதால் வந்திருந்த சர்க்கார் வக்கீல் குடத்தைப் பற்றியும் ஆட்டைப் பற்றியும் கேட்டுவிட்டு உட்கார்ந்தார். பிறகு கொழுந்தனின் வக்கீல் எழுந்தார். வயதானவர், மெதுவாகப் பேசினார்.

"மனுவில சொன்னதைத் தவிர ஒனக்கு வேற ஒண்ணும் இல்ல?"

"இல்லைங்க."

"காதுல கெடக்கிறது என்னம்மா?"

அவள் கை காதுக்குப் போனது. "தண்டட்டி."

"பித்தளையா?"

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். கொழுந்தன் உரக்கவே சிரித்தான். அக்கா அந்தப் பக்கம் திரும்பினாள். அந்த ஊரில் பதினாறு வருஷம் அவர்கள் நடுவில் மருமகளாக நடமாடியவள்.

"பித்தளை போடுற வம்சத்துல நான் பொறக்கலீங்க."

"அப்பத் தங்கம். யாருது? எரவலா?"

மறுபடியும் சிரிப்பு. "ஆமாங்க, இரவல்" என்று ஒரு சொல் சொன்னால் போதும். சின்னாத்தாளைக் கூட்டி வந்து சாட்சி சொல்ல வைத்திருக்கலாம். நான் சன்னலில் தலையை முட்டிக்கொண்டேன். நீதிபதி நிமிர்ந்து பார்த்தார்.

"என்னுது," என்றாள் அக்கா.

நீதிபதி திரும்பக் கேட்டார். திரும்பவும் அதையே சொன்னாள். அவ்வளவுதான். மனு தள்ளுபடி. வழக்கு வேண்டுமானால் ஒரு மாதத்தில் கட்டணத்தைக் கட்டலாம் என்றார்கள். ஒரு வருஷம் கொடுத்திருந்தாலும் எங்களால் ஆகாது.

வெளியே வந்து புளியமரத்தடியில், சோடாக் கடைக்குப் பக்கத்தில் நின்றோம். தப்பு செய்துவிட்டோம் என்று அவளுக்குப் புரிந்திருந்தது. கொழுந்தன் ஆட்களோடு வந்தான். வெற்றி அவனுக்கு அதோடு போதவில்லை.

"மதினி, எங்கண்ணன் கருமாதியில ஒன் காது வெறுங்காது. நானே பாத்தேன். இப்ப ஒன்னுதுங்கிற. அப்ப எங்க அண்ணன் பணத்தைப் பதுக்கிச் செஞ்சிருக்க. அது எங்க வீட்டுச் சொத்து."

"தள்ளிப் போங்க."

"கழட்டுறியா, நான் கழட்டவா?"

அவள் காதை இரண்டு கையாலும் மூடினாள். ஒரு கை சரியாகக் கூடாத கை. அதை அவன் விலக்கிவிட்டு, இடது காதுத் தண்டட்டியைப் பிடித்து இழுத்தான். நீண்ட காது, ஈரத்துணி கிழிவது போலக் கிழிந்தது. அவள் கத்துவதற்குள் வலது காதும் போனது. அவன் உள்ளங்கையில் தங்கத்தோடு தோலும் ஒட்டியிருந்தது. அவள் கழுத்தின் இரண்டு பக்கமும் ரத்தம் இறங்கி ரவிக்கை இல்லாத தோளை நனைத்தது.

நான் சோடாப் பாட்டிலை எடுத்துக் கடைப்பலகையில் உடைத்துவிட்டேன். அவன் கழுத்து எனக்கு ஒரு முழத்தில் இருந்தது. அன்றைக்கு அவனைக் கொன்றிருப்பேன், அதில் சந்தேகம் இல்லை. அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துத் தொங்கினாள். ரத்தத்தில் அவள் பிடி வழுக்கியது, திரும்பத் திரும்பப் பிடித்தாள்.

"போடுடா கீழ! ஒரு கீறல் அவன் மேல விழப்படாது. விழுந்தா சரிக்குச் சரியாப் போயிரும். போடுடா!"

குமாஸ்தா புழக்கடையில் சொன்னதை அவள் மறக்கவில்லை. நான் பாட்டிலைப் போட்டேன். போட்டதைப் பார்த்து அவர்களுக்குத் தைரியம் வந்தது. ஐந்தாறு பேர் சேர்ந்து அடித்தார்கள். நான் கையைப் பின்னால் கோத்துக்கொண்டு நின்றேன், பிறகு விழுந்தேன், விழுந்தும் கையை எடுக்கவில்லை. கீழ் வரிசையில் இரண்டு பல் போயிற்று. ஒரு செருப்பு என் காதருகே வந்து வந்து போனது மட்டும் தெரிந்தது. "எல்லாரும் பாருங்க! எல்லாரும் பாத்துக்கங்க!" என்று அக்கா சுற்றிச் சுற்றிக் கத்திக்கொண்டிருந்தாள். கடலைக்காரியிலிருந்து கோர்ட்டுச் சேவகன் வரை நாற்பது பேர் பார்த்தார்கள். கோர்ட்டுக் காவலுக்கு இருந்த போலீஸ்காரர் ஓடி வந்தபோது தண்டட்டி இன்னும் கொழுந்தன் கையில் இருந்தது.

இந்த முறை வழுக்கி விழுந்தாள் என்று எழுத எந்த மணியக்காரரும் இல்லை. பட்டப்பகலில், கோர்ட்டு வாசலில், ரத்தக் காயத்தோடு நகையைப் பறித்தது கொள்ளைக் கேஸ் என்றார்கள். ஒரு ஸ்டாம்பு ஒட்டவில்லை. ஆஸ்பத்திரியில் அவள் காதைத் தைத்த டாக்டர் காயச் சான்று எழுதிக் கொடுத்தார். அதற்கும் காசு இல்லை. கொழுந்தன் சப்ஜெயிலில் இருபது நாள் இருந்துவிட்டு ஜாமீனில் வந்தான். தண்டட்டி தொண்டிப் பொருளாகக் கோர்ட்டுப் பெட்டிக்குள் போனது. சின்னாத்தா தினமும் குடிசை வாசலில் வந்து நின்று மண்ணை வாரித் தூற்றினாள்.

"ஒனக்கு எரவல் குடுத்த கையை நான் வெட்டிப் போடணும்டி! என்னுதுன்னு சொன்னியாமே? என்னுதாம்ல!"

அக்கா நெல் குத்திக்கொண்டிருப்பாள்.

பிறகு கொழுந்தனிடமிருந்து ஆள் வந்தது. வருஷக் கணக்கில் உள்ளே போட்டுவிடுவார்கள் என்று அவன் வக்கீலே அவனிடம் சொல்லியிருந்தார். அவன் ஊர்ப் பெரிய மனிதர்கள் இருவர் வந்து, நகை கோர்ட்டிலிருந்து உன்னிடமே வரட்டும், மேற்கொண்டு ஏதாவது கொடுக்கிறோம், சாட்சியை மாற்றிச் சொல் என்றார்கள்.

"கெணத்துல பாதி. நெலத்துல பாதி. பத்திரம் எழுதிப் பதிஞ்சு என் கையில குடுங்க. அப்புறமாக் கோர்ட்டுல என்ன சொல்லணுமோ சொல்றேன்," என்றாள்.

"கெணத்தை எப்பிடிம்மா பாதியாக்குறது?"

"ஒரு நாள் அவனுக்கு, ஒரு நாள் எனக்கு."

மூன்று முறை வந்து போனார்கள். மூன்றாம் முறை ஒத்துக்கொண்டார்கள். பத்திரத்துக்கு ஸ்டாம்பு அவன் வாங்கினான். பதிந்து கைக்கு வந்த பிறகுதான் அக்கா கிரிமினல் கோர்ட்டுக் கூண்டில் ஏறினாள். கூட்டத்தில் யார் இழுத்தார்கள் என்று தெரியவில்லை, பின்னாலிருந்து இழுத்தார்கள் என்றாள். நாற்பது பேரில் சாட்சிக்கு வந்தவர்களும் அதையே சொன்னார்கள். கீழே கிடந்ததைத்தான் எடுத்து வைத்திருந்தேன் என்றான் கொழுந்தன். எனக்கும் யார் அடித்தார்கள் என்று தெரியவில்லை. மாஜிஸ்திரேட் எங்களைப் பார்த்த பார்வை நல்ல பார்வை இல்லை. கொழுந்தனை விட்டுவிட்டார்கள். முதல் கோர்ட்டில் ஒரு பொய் சொல்லி நிலத்தை இழந்தாள், இரண்டாவது கோர்ட்டில் ஒரு பொய் சொல்லி மீட்டாள். இரண்டையும் ஒரே மாதிரித்தான், தலையை நிமிர்த்திச் சொன்னாள். தண்டட்டி நெளிந்து திரும்பி வந்தது. சின்னாத்தா அதை வாங்கிக்கொண்டு போனவள், கடைசி வரை எங்களோடு பேசவில்லை.

முறைத் தண்ணீரின் முதல் நாள் நான் வாடகை மாட்டைப் பூட்டிக் கமலையை ஓட்டினேன். அக்கா வாய்க்காலில் மண்வெட்டியோடு நின்றாள். தைத்த காது ஒன்று கூடியிருந்தது, மற்றது கூடாமல் இரண்டு வாராகத் தொங்கியது. நாலாவது சால் தண்ணீர் ஏறும்போது கொழுந்தன் வந்தான். அவன் பக்கத்துக் கரையில், கமலைக்கு நேர் எதிரே, அரிவாளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். நான் மாட்டை நிறுத்தினேன்.

"ஏன் நிறுத்திட்ட?" என்றாள் அக்கா.

"அங்கிட்டுப் பாரு."

"அவன் கரையில அவன் ஒக்காந்திருக்கான். நம்ம நாளு இது. ஓட்டு."

ஓட்டினேன். முதுகைக் காட்டிப் பள்ளத்தில் இறங்கும் ஒவ்வொரு முறையும் கழுத்து கூசியது. பின்னோக்கி ஏறும்போது அவன் அங்கேயே இருப்பான். வெயில் ஏறி, இறங்கியது. அவன் எழுந்து போகவில்லை. பொழுது சாயும்போது கடைசி வயலில் தண்ணீர் ஏறிவிட்டது என்று அக்கா மண்வெட்டியைத் தூக்கிக் காட்டினாள். மாட்டை அவிழ்த்தேன்.

மறுநாள் அவன் முறை. அக்கா விடிந்ததும் கஞ்சிக் கலயத்தோடு போய், எங்கள் பக்கத்துக் கரையில், அவன் கமலைக்கு நேர் எதிரே உட்கார்ந்தாள். அவள் மடியிலும் அரிவாள் இருந்தது. நான் அன்று மத்தியானமே அறந்தாங்கி பஸ் ஏற வேண்டியவன். நாலு நாள் தள்ளித்தான் ஏறினேன்.